சென்னை – லண்டன்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து லண்டனுக்கு விமானத் தூரம் எவ்வளவு, பறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓர் இணையதளத்தில் 8,230 என்றும் இன்னொன்றில் 5,110 என்றும் வேறொன்றில் 4,440 என்றும் இருக்கிறது. பயணச்சீட்டில் போகும்போது ஏறத்தாழ 11 மணி நேரமும் திரும்பும்போது ஏறத்தாழ 10 மணி நேரமும் போட்டிருக்கிறது. இவற்றில் எதை நம்புவது என்பது உங்கள் குழப்பம். கேள்வியின் கடைசி வரியில், வயதான அம்மா முதன்முறையாகத் தனியாகப் போகிறார், அவரிடம் எத்தனை மணி நேரம் என்று சொல்வது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உண்மையில் நீங்கள் கேட்பது இரண்டு கேள்விகள். ஒரே பாதைக்கு ஏன் இத்தனை எண்கள் என்பது ஒன்று; அம்மா இருக்கையில் அமர்ந்திருக்கப்போவது எத்தனை மணி நேரம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உறுதியான விடை உண்டு. இரண்டாவதற்கு ஒற்றை எண்ணாக விடை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்த எண் எந்த வரம்புக்குள் இருக்கும், எதனால் கூடும், எதனால் குறையும் என்று தெளிவாகச் சொல்ல முடியும்.

விமான நிறுவனங்களில் டிஸ்பாட்ச் என்று அழைக்கப்படும் பிரிவில், அதாவது ஒவ்வொரு விமானமும் எந்த வழியாக, எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும் என்று புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு கணக்கிட்டுக் கொடுக்கும் பிரிவில், பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் விமானி அல்ல. வானிலை ஆய்வாளரும் அல்ல. அவர்கள் இருவருக்கும் இடையில் உட்கார்ந்து கணக்குப் போடுவதே என் தொழிலாக இருந்தது.

முதலில் அந்த மூன்று எண்கள். மூன்றும் சரியானவையே, மூன்றும் ஒரே தூரத்தையே குறிக்கின்றன. 8,230 என்பது கிலோமீட்டர். 5,110 என்பது நிலத்தில் வழங்கும் மைல். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். 4,440 என்பது கடல் மைல், அது 1.852 கிலோமீட்டர். கப்பல் துறையிலிருந்து விமானத் துறை எடுத்துக்கொண்ட அளவு அது, இன்றும் விமானிகளும் கட்டுப்பாட்டு அறைகளும் கடல் மைலில்தான் பேசுகிறார்கள். இணையதளங்கள் பல இடங்களில் இரண்டையும் வெறுமனே மைல் என்றே எழுதிவிடுவதால்தான் இந்தக் குழப்பம் எழுகிறது. எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்.

ஒரே அலகில் பார்த்தாலும் 8,220 என்று ஓரிடத்திலும் 8,240 என்று வேறோரிடத்திலும் இருப்பதைக் காண்பீர்கள். அதற்கும் காரணம் எளிது. சிலர் நகரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அளக்கிறார்கள். சிலர் மீனம்பாக்கம் ஓடுபாதையிலிருந்து ஹீத்ரோ ஓடுபாதை வரை அளக்கிறார்கள். மேலும், பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொண்டு போடும் கணக்குக்கும், அது துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதைச் சேர்த்துக்கொண்டு போடும் கணக்குக்கும் அரை விழுக்காடு வரை வேறுபாடு வரலாம். 8,000 கிலோமீட்டரில் அரை விழுக்காடு என்பது 40 கிலோமீட்டர். விமானம் தரையில் அல்லாமல் 11 கிலோமீட்டர் உயரத்தில் போவதால் வட்டம் சற்றுப் பெரிதாகிறதே என்று ஒரு முறை ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி, இந்தப் பாதையில் அதனால் கூடுவது ஏறத்தாழ 14 கிலோமீட்டர்தான், ஒரு நிமிடப் பயணம். எனவே சென்னை–லண்டன் தூரம் 8,230 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

இந்த 8,230 எந்தக் கோட்டில் அளந்தது என்பதுதான் அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழியைப் பெருவட்டப் பாதை என்பார்கள். பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்துச் சென்னைக்கும் லண்டனுக்கும் கோடு போட்டால், அது அரபிக்கடலைத் தாண்டி, அரேபியப் பாலைவனம், சிரியா, துருக்கி என்று போகும். அந்தக் கோட்டிலேயே பறந்தால் ஏறத்தாழ 8,480 கிலோமீட்டர் ஆகும், அதாவது 250 கிலோமீட்டர் கூடுதல். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை லண்டனிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறி நிற்பதைப் பார்க்கலாம். அது சென்னையிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, ராய்ச்சூர், கலபுரகி பக்கமாகச் சென்று, நாசிக்கிற்கும் சூரத்திற்கும் இடையே புகுந்து, கட்ச் பாலைநிலத்தைக் கடந்து, சிந்து, பலுசிஸ்தான், கிழக்கு ஈரான், காஸ்பியன் கடலின் தென்பகுதி, அஜர்பைஜான், காகசஸ் மலைகள், அசோவ் கடலோரம், உக்ரைன், தெற்கு போலந்து, ஜெர்மனி, நெதர்லாந்து என்று போய் லண்டனில் இறங்குகிறது.

அந்த ஊர்ப் பெயர்களை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுச் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் வந்த பெயர்கள்தான் அவற்றில் பாதி. நமக்கும் லண்டனுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய கோடு உலகின் மிகச் சிக்கலான வான்வெளிகளின் வழியாகப் போகிறது. இந்தப் பாதையின் பயண நேரத்தைப் பற்றி யார் பேசினாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. காற்று, வேகம் எல்லாம் பிறகுதான்.

2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்றுகொண்டிருந்த மலேசிய விமானம் கிழக்கு உக்ரைனின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் ஏவுகணையால் தாக்கப்பட்டு 176 பேர் இறந்தார்கள். இந்த இரண்டு துயரங்களுக்குப் பிறகு, ஒரு நாடு தன் வான்வெளியைத் திறந்து வைத்திருக்கிறது என்பதாலேயே அதன் வழியாகப் போகலாம் என்று எந்த நிறுவனமும் முடிவெடுப்பதில்லை. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபின் ஆப்கானிஸ்தான் வான்வெளியில் முறையான கட்டுப்பாட்டுச் சேவை நின்றது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதற்கு மறுநாள், பிரிட்டன் ரஷ்ய விமானங்களைத் தடுத்ததற்குப் பதிலடியாக ரஷ்யா பிரிட்டிஷ் விமானங்களைத் தடுத்தது. ஆக, நூல் காட்டிய வழியின் நடுப்பகுதியில் ஒரு பெரிய பகுதி கைவிட்டுப் போயிற்று. அதன்பின் மீதமிருந்தவை ஈரான் வழி, ஈராக்–துருக்கி வழி, சவூதி அரேபியா–எகிப்து வழி, மத்திய ஆசியாவிலிருந்து காஸ்பியன் கடல், அஜர்பைஜான், ஜார்ஜியா வழியாகக் கருங்கடலுக்குப் போகும் குறுகிய இடைவழி ஆகியவை. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது ஈரானும் ஈராக்கும் வான்வெளியைச் சட்டென்று மூடின. பாதி வழியில் இருந்த விமானங்கள் பல திரும்பின, பல வேறு நகரங்களில் இறங்கின.

பாகிஸ்தான் வான்வெளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றிப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2019 பிப்ரவரி 27 அன்று மூடப்பட்டு, அந்த ஆண்டு ஜூலை 16 அன்று முழுமையாகத் திறக்கப்பட்டபோது, அது எல்லா நாட்டு விமானங்களையும் பாதித்தது. 2025 ஏப்ரல் 24 அன்று தொடங்கி மாதாமாதம் நீட்டிக்கப்பட்ட தடை அப்படியல்ல. அது இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மட்டுமானது. எனவே ஒரே நாளில் ஒரே நகரத்திலிருந்து லண்டனுக்குப் புறப்படும் இரண்டு விமானங்களில் இந்திய நிறுவனத்தின் விமானம் அரபிக்கடலைச் சுற்றிக்கொண்டு போகவும், பிரிட்டிஷ் விமானம் நேராகப் போகவும் கூடும். இந்தச் சுற்றினால் டெல்லி, அமிர்தசரஸ் போன்ற வடநாட்டு நகரங்களிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கே அதிக இழப்பு. சென்னையிலிருந்து போகும் விமானம் எப்படியும் முதல் இரண்டு மணி நேரம் இந்திய வான்வெளியிலேயே இருப்பதால், அது சற்று முன்பே மேற்கே திரும்பினால் போதும், இழப்பு குறைவு.

இத்தனை வளைவுகளும் சேர்ந்து, உண்மையில் பறக்கும் தூரம் 8,230 கிலோமீட்டரைவிடச் சில நூறு கிலோமீட்டர் கூடுதலாகவே இருக்கும். எத்தனை நூறு என்பது அன்றைய நாளைப் பொறுத்தது. ஒவ்வொரு நாடும் தன் வான்வெளி வழியாகப் போவதற்குக் கட்டணம் வாங்குகிறது. ஐரோப்பாவில் தூரத்தையும் விமானத்தின் எடையையும் வைத்து அது கணக்கிடப்படுகிறது. ஆகவே காற்றும் கட்டணமும் சேர்ந்து, நீளமான வழியே மலிவான வழியாக அமையும் நாட்களும் உண்டு.

சற்று விலகி ஒன்று சொல்கிறேன், இந்தப் பாதையின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது என்பதால். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறிய புஸ் மோத் விமானத்தில் தபால் மூட்டைகளைக் கொண்டுவந்தார். அந்தத் தபால், லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம் கராச்சி வரை கொண்டுவந்தது. பம்பாயிலிருந்து அதை டாடாவின் கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். லண்டனையும் சென்னையையும் வான்வழியே கோத்த முதல் ஒழுங்கான தொடர்பு அதுதான். அன்று பல நிலையங்களில் இறங்கி ஏறி, பல நாட்கள் கழித்து வந்த கடிதம் போன வழியில், இன்று ஒரு முதியவர் ஒரே இருக்கையில் அமர்ந்து ஒரு பகல் பொழுதுக்குள் போய்ச் சேர்கிறார். 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியாவின் முதல் லண்டன் விமானம்கூடக் கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் நின்றுதான் போயிற்று.

இனி வேகம். போயிங் 787 போன்ற நெடுந்தூர விமானம் ஒலியின் வேகத்தில் 85 விழுக்காட்டில் பறக்கும். 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 56 டிகிரி. அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு 1,060 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஆகவே விமானம் காற்றின் ஊடாக மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நகர்கிறது. 8,230 கிலோமீட்டரை 900-ஆல் வகுத்தால் 9 மணி 9 நிமிடம். இணையத்தில் தூரத்தைப் போட்டால் நேரத்தைக் காட்டும் கணிப்பான்கள் பெரும்பாலும் இந்த வகுத்தலைத்தான் செய்கின்றன; சில, மேலேறவும் இறங்கவும் அரை மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. அவை சொல்லும் விடை தவறு என்று சொல்ல மாட்டேன். காற்றே இல்லாத, எல்லைகளே இல்லாத, நெரிசலே இல்லாத ஓர் உலகத்துக்கான விடை அது.

காற்றைப் பார்ப்போம். மேலே சொன்ன 900 என்பது காற்றின் ஊடான வேகம், தரைக்கு மேலான வேகம் அல்ல. காவிரியில் நீரோட்டத்தோடு போகும் படகும் நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் படகும் ஒரே துடுப்பு வலிமையில் வெவ்வேறு நேரத்தில் கரை சேர்வதைப் போன்றது இது. வட இந்தியா, பாகிஸ்தான், ஈரான் ஆகியவற்றின் மேலே குளிர்காலத்தில், குறிப்பாக டிசம்பர் முதல் மார்ச் வரை, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வலிமையான காற்றோடை ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்று செய்திகளில் கேட்டிருப்பீர்கள். அதன் மையத்தில் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். ஐரோப்பாவுக்கு மேலேயும் மேலைக் காற்றே, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்றே, மிகுதி. லண்டனுக்குப் போகும் விமானம் இதை எதிர்த்துப் போகிறது; திரும்பி வரும் விமானத்தை இது தள்ளிவிடுகிறது. பாதை முழுவதும் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். போகும்போது தரைவேகம் 840, ஆகும் நேரம் 9 மணி 48 நிமிடம். வரும்போது தரைவேகம் 960, ஆகும் நேரம் 8 மணி 34 நிமிடம். உங்கள் பயணச்சீட்டில் இருக்கும் ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் இதுதான், இதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அந்த வேறுபாடு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலைக் காற்றோடை வடக்கே, இமயத்துக்கு அப்பால் ஒதுங்கிவிடுகிறது. அதே காலத்தில் தென்னிந்தியாவின் மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக இன்னொரு காற்றோடை உருவாகிறது. அதன் இயல்பை 1958-இல் விரிவாக எழுதி உலகுக்கு எடுத்துக்காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். வெப்பமண்டலக் கீழைக் காற்றோடை என்று அது அழைக்கப்படுகிறது. நம் தென்மேற்குப் பருவமழையின் இயக்கத்தோடு பின்னிப் பிணைந்தது. அதன் மையம் பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்துக்குச் சற்று மேலே இருப்பதால் அதன் முழு வலிமையும் விமானத்துக்குக் கிடைக்காது. இருந்தாலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானம் தன் பயணத்தின் முதல் பகுதியிலாவது பின்காற்றோடு போகும், லண்டனிலிருந்து வரும் விமானம் கடைசிப் பகுதியில் எதிர்காற்றைச் சந்திக்கும். வடநாட்டு நகரங்களுக்கு இல்லாத, சென்னை, கொழும்பு போன்ற தெற்கு நகரங்களுக்கே உரிய தன்மை இது. எனவே போகும்போது எப்போதும் அதிகம், வரும்போது எப்போதும் குறைவு என்ற விதி குளிர்காலத்தில் வலுவாகவும் பருவமழைக் காலத்தில் தளர்ந்தும் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு தவறான விளக்கத்தை மறுத்தாக வேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால்தான் நேரம் வேறுபடுகிறது என்று படித்தவர்களே எழுதுகிறார்கள். அப்படியல்ல. பூமியோடு சேர்ந்து அதன் காற்று மண்டலமும் சுழல்கிறது. விமானம் மிதப்பது அந்தக் காற்றில்தான். சென்னையின் அகலாங்கில் தரை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கிழக்கே நகர்கிறது. காற்று கூடவே வராவிட்டால், மெரினாவின் மேலே ஒரு ஹெலிகாப்டர் அசையாமல் நின்றாலே அரை மணி நேரத்துக்குள் மேற்குக் கடற்கரையைத் தாண்டி அரபிக்கடலின் மேல் இருக்கும். அப்படி நடப்பதில்லை. பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. அந்த மேலைக் காற்றோடைகள் உருவாவதற்கே சுழற்சி ஒரு காரணம். ஆனால் விமானத்தின் நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் காற்றோடைதான்.

காற்றோடை எந்த அளவுக்கு உதவும் என்பதற்கு வேறொரு பாதையிலிருந்து ஒரு சான்று. 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம் அது. தரைக்கு மேலான வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை மீறிவிட்டது என்று சிலர் எழுதினார்கள், மீறவில்லை. காற்றின் ஊடாக அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது; காற்றே அதைச் சுமந்துகொண்டு வந்தது.

இப்போது உங்கள் பயணச்சீட்டில் இருக்கும் 11 மணி நேரத்துக்கு வருவோம். எதிர்காற்றோடு 9 மணி 48 நிமிடம் என்று கணக்கு வந்ததே, மீதி எங்கே போயிற்று? வழி வளைவதால் கூடும் தூரம் ஒரு பங்கு. மற்றொரு பங்கு, பயணச்சீட்டில் இருப்பது பறக்கும் நேரமே அல்ல என்பதில் இருக்கிறது. அது விமானம் சென்னையில் கேட்டை விட்டு நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, ஹீத்ரோவில் கேட்டில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நொடி வரையான நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, மெதுவான வேகத்தில் மேலேறுவது, இறங்குவது, இறங்கியபின் கேட் வரை ஊர்வது எல்லாம் அதில் அடங்கும்.

ஹீத்ரோவுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. இரண்டே ஓடுபாதைகள், ஆண்டுக்கு 4,80,000 ஏற்ற இறக்கங்கள் என்ற உச்சவரம்பை ஒட்டியே அது இயங்குகிறது. நெரிசல் நேரத்தில் வரும் விமானங்களைப் போவிங்டன், லாம்போர்ன், பிக்கின் ஹில், ஆக்கம் என்ற நான்கு இடங்களின் மேல் அடுக்கடுக்காக வட்டமிட வைப்பார்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். நான்கைந்து சுற்று என்பது அங்கே எவரையும் வியப்பில் ஆழ்த்தாது. இதெல்லாம் தெரிந்தே நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் கூடுதல் நேரத்தைச் சேர்த்து வைக்கின்றன. சில நாட்களில் விமானம் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டது என்று அறிவிப்பது இதனால்தான். இந்தக் கூடுதல் நேரத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது பயணிக்கு நல்லதே. அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு, பத்தில் எட்டு நாள் நிறைவேறும் வாக்குறுதி பத்தில் ஐந்து நாள் நிறைவேறும் வாக்குறுதியைவிட மேலானது.

இனி, பலரும் தடுமாறும் ஓர் இடம். பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை முதல் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்துக்கொள்வதால், அந்த மாதங்களில் வேறுபாடு நாலரை மணி நேரம். எடுத்துக்காட்டாக, சென்னையில் காலை 5:30-க்குக் கிளம்பி 11 மணி நேரம் கழித்துச் சேர்ந்தால், இந்திய நேரம் மாலை 4:30. லண்டனில் குளிர்காலத்தில் காலை 11:00, கோடைகாலத்தில் நண்பகல் 12:00. அங்கிருந்து குளிர்காலத்தில் பிற்பகல் 1:30-க்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால், சென்னையில் மறுநாள் காலை 5:00. அச்சிட்ட நேரங்களை நேரடியாகக் கழித்துப் பார்ப்பவர்கள், போக ஐந்தரை மணி நேரம், வரப் பதினைந்தரை மணி நேரம் என்று எண்ணிப் பதறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பயண நேரம் என்று தனியே போட்டிருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விமான அட்டவணைகளும் அதே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மாறுகின்றன என்பதால், அந்தத் தேதிகளை ஒட்டிப் பயணம் இருந்தால் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்ப்பது நல்லது.

நேரடி விமானத்துக்குப் பதிலாகத் துபாய் வழியாகப் போனால் தூரம் மிகவும் கூடுமே என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. சென்னை–துபாய் ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர், துபாய்–லண்டன் ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர், கூட்டினால் 8,430. நேர்கோட்டைவிட 200 கிலோமீட்டர்தான் அதிகம். தோஹா வழியாகப் போனாலும் ஏறத்தாழ 8,530-தான். வளைகுடா நகரங்கள் நம் வழியிலேயே இருக்கின்றன. கூடுவது தூரம் அல்ல; இறங்கி, காத்திருந்து, மீண்டும் ஏறும் நேரமும் அலைச்சலும்தான். தனியாகப் போகும் முதியவருக்கு அந்த அலைச்சல் பெரிது. பெரிய முனையத்தில் பலகைகளைப் பார்த்து அடுத்த கேட்டைக் கண்டுபிடிப்பது முதல் பயணத்தில் எவருக்கும் கடினம். கட்டணம் சற்றுக் கூடுதலானாலும் நேரடி விமானமே உங்கள் அம்மாவுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அவரிடம் என்ன சொல்வது? போகும்போது இருக்கையில் அமர்ந்திருப்பது பத்தரை மணி நேரத்துக்குக் குறையாது, பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்று சொல்லுங்கள். திரும்பும்போது பத்து மணி நேரத்தை ஒட்டி, சில நாட்களில் அதற்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். மருந்து சாப்பிடும் வேளைகளை ஊர் நேரத்தை வைத்து அல்லாமல், கிளம்பியதிலிருந்து எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு வேளை மருந்தைக் கூடுதலாகக் கைப்பையிலேயே வைத்துவிடுங்கள், பெட்டியில் வேண்டாம். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து முதியவர்களுக்குக் கூடுதல் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது எழுந்து நடக்கச் சொல்லுங்கள். அவருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறோ, அண்மையில் அறுவை சிகிச்சையோ இருந்தால் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் அவருடைய மருத்துவர், நான் அல்ல.

தூரமும் நேர மண்டலக் கணக்கும் முன்கூட்டியே உறுதியாகச் சொல்லக்கூடியவை. குளிர்காலத்தில் போகும் பயணம் நீளும் என்பது ஏறக்குறைய உறுதி. ஒரு குறிப்பிட்ட நாளில் எந்த வழியாகப் போகும், எத்தனை நிமிடம் ஆகும் என்பது மட்டும் அன்றைக்குப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு வரை அந்த நிறுவனத்துக்கே தெரியாது. போர்ச் செய்திகள் வரும் வாரங்களில் கிளம்பிய பிறகும்கூட மாறலாம். ஆகவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து, விமானங்களை நேரலையில் காட்டும் தளம் ஒன்றில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, முந்தைய பத்து நாட்களின் பதிவுகளைப் பாருங்கள். ஒரே ஒரு நாளை வைத்து முடிவு செய்யாமல், அந்தப் பத்தில் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவின் பயணம் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் இடையில் அமையும். அந்தத் தளங்கள் ஓடுபாதையைத் தொட்ட நேரத்தையும் கேட்டை அடைந்த நேரத்தையும் தனித்தனியே காட்டுவதுண்டு. லண்டனில் அவரை அழைத்துவரப் போகிறவர் இரண்டாவதைப் பார்த்து, அதற்கு மேல் குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டி எடுப்பதற்கும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலி உதவி தேவையென்றால் அதை விமான நிலையத்தில் போய்க் கேட்காமல், குறைந்தது 48 மணி நேரம் முன்பே நிறுவனத்திடம் பதிவு செய்துவிடுங்கள்.